இளநீர்

செவ்வாய், வெள்ளி, நாலு மணித்தியாலம்.
ஆஸ்பத்திரி யன்னலுக்கு அந்தப்பக்கம் கடல்
எவ்வளவு தண்ணீர் என்று
வேண்டுமென்றே காட்டிக்கொண்டு கிடக்கும்.
இந்தப்பக்கம் எங்களுக்கு
நாளுக்கு அரை லீற்றர்,
மாத்திரை விழுங்குவதும் அதற்குள்.

சுவரில் ஒரு டீவி.
தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு
கனடாவிலிருந்து யாரோ தந்தது, பெயர் ஒட்டியிருக்கிறது.
ஒன்றரைக்கு மித்ரா வருவாள்.
அவளுக்கும் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது,
நூற்றிப் பதினேழாவது நாளில்,
ஒரு இடிமுழக்கத்தோடு.

“உன்ர வருத்தம் காணாதெண்டு
அவளின்ர வருத்தத்தையும் சுமக்கிறியோ?”
மச்சாள் கேட்கிறாள்.
அவளுக்குக் கலியாணவீடு வருகிற நாடகங்கள்தான் பிடிக்கும்,
அதுவும் சாறி பார்க்க.

மித்ராவின் வருத்தம் வடிவான வருத்தம்.
கண்மை கரையாது. கால் வீங்காது.
இரவில் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துச் சொறியமாட்டாள்.
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து
தராசில் ஏறி, இரண்டு கிலோ கூடிப்போச்சென்று
களவு பிடிபட்டவள் மாதிரி நிற்கமாட்டாள்,
ஹாஜறா உம்மா நிற்பது போல.
அவளின் டொக்டருக்கு
அவளைத் தவிர நோயாளிகளே இல்லை.

“எல்லாம் பொய்” என்பார்
பாலையூற்றுச் செபமாலைநாதன்.
சொல்லிவிட்டு, சத்தத்தைக் கூட்டச் சொல்வார்.

அந்த வெள்ளிக்கிழமை
மித்ராவின் மாமியார்
வெள்ளித் தட்டில் செவ்விளநீர் ஏந்தி வந்தா.
“குடிம்மா, உடம்புக்குக் குளிர்ச்சி.”

ஐந்து கட்டிலும் ஒன்றாய்க் கத்தின:
குடிக்காதையடி!

மிஸ்ஸி ஓடிவந்து
ஒவ்வொரு மெஷினாய்ப் பார்த்தா.
எங்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

இளநீர் எங்களுக்கு நஞ்சு.
அதிலிருக்கும் பொட்டாசியம்
நெஞ்சை இடையில் நிற்பாட்டிவிடும்.
நிலாவெளி றோட்டில் குலைகுலையாய்த் தொங்குவதை
முகம் திருப்பிக்கொண்டு கடக்கிறவள் நான்,
ஒருகாலத்தில் விரும்பினவனின் வீட்டைக் கடப்பது போல.

பிறகு நாலு தவணை இதே வழக்கு.
மாமியார் தெரிந்துதான் கொடுத்தாவா,
கதை எழுதினவனுக்குத்தான் தெரியாதா?
“கொலை” என்றார் செபமாலைநாதன்,
“அந்த வீட்டு உறுதி இவளின்ர பேரில கிடக்கு.”
ஹாஜறா உம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னா:
“பாசத்துலதான் குடுத்த.
என்ட மகனும் தந்தவன், நோன்பு திறக்கக்குள்ள,
பேரீச்சம்பழம் மூணு.
அவன் தெரியாமத்தான்.”
பக்கத்துக் கட்டிலில் இரண்டு வருடம் படுத்திருக்கிறேன்,
நெஞ்சடைத்து அவவைத் தூக்கி வந்த அந்த இரவின் காரணத்தை
அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் மாமியாரையும் பிடிக்கவில்லை,
எழுதினவனையும் பிடிக்கவில்லை.
மித்ராவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.
தெரிந்துகொண்டே கையை நீட்டியிருப்பாள்.
அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மித்ரா குடித்தாள், சிரித்தாள்,
ஒன்றும் நடக்கவில்லை.
எழுதினவனுக்குத் தெரியாதுதான்.
நல்ல நாடகமா என்று கேட்டால், இல்லை.
மச்சாளிடமும் அப்படித்தான் சொன்னேன்,
கேபிள் காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே.

அன்று வெளியே வரும்போது
கேற்றடியில் ஒரு மான்,
வெட்டிப்போட்ட கோம்பைக்குள் வாயை விட்டு
நக்கிக்கொண்டு நின்றது.
துரத்துவார் இல்லை.
நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாசியில்
செபமாலைநாதனின் கட்டிலுக்கு
மூதூர் ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார்.
விரிப்பு மாற்றியிருந்தது.
அதே கிழமை திரையின் அடியில் ஒரு வரி ஓடியது:
இவருக்குப் பதில் இனி இவர்.

ஆட்டோக்காரர் ஊசி குத்தின கையை அசைக்காமல்
டீவியைப் பார்த்துக் கேட்டார்,
“இவ ஆர்?”
“மித்ரா.”
“மித்ரா வேற ஆளல்லோ? என்ர மனுசி பாக்கிறவ.”

ஹாஜறா உம்மா
அவரையும் பார்த்தா, கட்டிலையும் பார்த்தா.
“இனி இவதான்” என்றா.
“சத்தத்தக் கூட்டுங்க.”