இருநூறு கிராம்

ஜும்பெரியின் தராசு பொய் சொல்லும்.
பத்துக் கிலோவுக்கு இருநூறு கிராம்.
முதல் வாரமே தெரிந்துவிட்டது.
சரக்கை இறக்கிவிட்டு வேன் திரும்பியதும்
மாவு நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தேன்.
ஈரக் கையோடு வந்து நின்ற எத்தேரி
"நீ கேட்கிறாயா, நான் கேட்கட்டுமா?" என்றாள்.
சாக்கை அவிழ்த்து
ஒரு வால்நட் பருப்பை வாயில் போட்டேன்.
காறல் இல்லை, பழைய எண்ணெய் வாடை இல்லை,
கடித்த இடம் வெண்ணெய் நிறம்.
"அடுத்த வாரம் கேட்கலாம்."

ஒன்பது வருடமாக
அந்த அடுத்த வாரம் வரவில்லை.

திபிலீசியில் ஒரு சந்து, எட்டு மேசை.
கத்திரிக்காய்க்குள் வால்நட், கோழிக்கு மேல் வால்நட்,
கீரையில், பீன்ஸில்,
எங்கள் சமையலில் அது நுழையாத இடம்
தேநீர் மட்டும்தான்.

தெருக்குழாய் வெடித்து
இருபத்து மூன்று நாள் கடை சாத்தியிருந்த தையில்
தோளில் சாக்கோடு வந்து நின்றார்.
கையில் காசில்லை என்றேன்.
"காசா கேட்டேன்? இடம் கேட்டேன்.
இதை எங்கே வைக்க?"
சாக்கின் மேல் கொசுறாக ஒரு கட்டு கொத்துமல்லி,
பனியில் விறைத்து.

அவர் பேரேட்டில் பென்சிலால் என் பெயர் இருக்கும்: மக்வாலா.
தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.
எப்போதாவது மாதக் கடைசியில் வருவார்,
காப்பி குடிப்பார்,
இடுப்பு வலியைப் பற்றிப் பேசுவார்.
பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று
எனக்குப் புரியும்.

நான் மட்டும் என்ன யோக்கியம்.
விலை ஏறும் மாதங்களில்
குழம்பில் ஒரு கைப்பிடி ஊறிய ரொட்டி சேரும்.
மூன்றாம் மேசை நொதாரி
தட்டை வழித்துவிட்டுக் கேட்பார்:
"இன்றைக்கு வால்நட்டுக்கு விடுமுறையா?"
முழுப் பணமும் கொடுத்துவிட்டுப் போவார்.

இடுப்பு அறுவைக்குப் பின் ஜும்பெரி வரவில்லை.
மகன் ஸ்வியாத் வந்தான், மின்தராசோடு.
பத்து, புள்ளி, மூன்று பூச்சியம்.
பழக்க தோஷம், என் தராசிலும் வைத்தேன்.
பத்தேதான்.
எத்தேரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

பில்லின் அடியில் சின்ன எழுத்து: ஏழு நாள்.
எட்டாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி.
பத்தாம் நாள் வேன் வரவில்லை.
"நான் நிறுத்தவில்லை அக்கா, கணினி நிறுத்திவிட்டது."
அவனைத் திட்ட வாய் வரவில்லை.
எடையில் குறையில்லை, பேச்சிலும் மரியாதை குறையவில்லை.

அன்றிரவு கல்லாவில் உட்கார்ந்து
வருடக்கணக்கான இருநூறு கிராம்களைக் கூட்டினேன்.
பெரிய தொகைதான்.
பிறகு அவர் காத்திருந்த நாட்களைக் கூட்டத் தொடங்கி
பாதியில் நிறுத்தினேன்.
அதற்கு நான் யாருக்கு வட்டி கட்டினேன்
என்று தெரிந்துபோனது.

வெள்ளிக்கிழமை சாக்கை இறக்கிக்கொண்டிருந்தவனிடம்
மெதுவாகச் சொன்னேன்:
"தம்பி, இருநூறு கிராம் எடுத்துக்கொள்.
மாதக் கடைசியில் வா."

சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை.
அதை எந்தக் கட்டத்தில் பதிவது என்று
திரையில் விரலால் மேலும் கீழும்
தேடிக்கொண்டே நின்றான்.

உள்ளே எத்தேரி
நேற்றைய ரொட்டியை நறுக்கும் சத்தம்.