ஏழாம் இலக்கக் கட்டம்

மூதூர்ப் பிரதேச செயலகத்தின் பின்மண்டபத்தில்
காணிக் கச்சேரி.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றுகிறது.
நான் மொழிபெயர்ப்பவன்:
வன அதிகாரியின் சிங்களத்தைத் தமிழுக்கும்
வந்தவர்களின் தமிழைப் படிவத்துக்கும்.

நாற்பத்தோராம் இலக்கம்.
யோகமலர், வயது முப்பத்து நான்கு,
இலக்கந்தைக்கும் அப்பால், வேடர் குடியிருப்பு.
விடியற்காலை இறால் விற்ற றெஜிபோம் பெட்டி கையில்.
அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி
என் மேசைக்காலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஏழாம் கட்டம்: ஆட்சியின் தன்மை.

"எத்தனை ஆண்டு ஆண்டு வருகிறீர்கள்?"
கேட்ட பிறகுதான் என் காதுக்கே உறைத்தது.
ஆண்டு, ஆண்டு.
நம் மொழியில் காலத்தை எண்ணப் போனாலும்
யாரோ ஆண்டுகொண்டிருக்கிறார்கள்.
"நாங்க என்ன ராசாக்களா, ஆளுறதுக்கு?"
வரிசையில் ஒருவர் சிரித்தார்.
"இருக்கிறம். அவ்வளவுதான்."

'இருக்கிறம்' என்பதற்குக் கட்டத்தில் வழியில்லை.
பத்து வருடம், தடையில்லாமல்,
இன்னொருவர் உரித்துக்கு எதிராக இருந்தால்தான்
அது ஆட்சி.
அரச காணியென்றால் அந்தப் பத்தும் போதாது.
விளக்கினேன்.
"ஆருக்கு எதிரா?" என்றாள்.
"எங்கட ஆக்கள் வரக்குள்ள அங்க கிடந்தது கரடி.
அதோட நாங்க வழக்குக்குப் போகல்ல."

"உறுதி இருக்கா?"
"உறுதியாத்தானே சொல்லுறன்."

"என்ன பயிர் வைத்தீர்கள்?"
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
காட்டு வள்ளிக் கிழங்கு கிண்டினால்
தலைத்துண்டைத் திரும்பப் புதைத்துவிட்டு வருவார்களாம்.
தேன் எடுத்தால்
குஞ்சுள்ள அடையில் கத்தி வைப்பதில்லையாம்.
கணவாய் வருகிற மாதத்தில்
களப்பின் அந்தப் பக்கம் போவதில்லை, பேசுவதுமில்லை.
அதிகாரி கேட்டுவிட்டு,
'பயிர்ச்செய்கை இல்லை' என்று போடச் சொன்னார்.
போட்டேன்.

பிறகு படத்தை விரித்தார்.
2010, வானத்திலிருந்து எடுத்தது.
அவள் வளவு முழுக்கப் பச்சை.
அடர்ந்த காடு, ஆளில்லை, கல் நடலாம்.

யோகமலர் இறால் நாற்றமடிக்கும் விரலை
பச்சையின் நடுவில் வைத்தாள்.
"இதில எங்கட அடுப்பு.
செல்லடிக்க வெருகலுக்கு நடந்த நாங்க.
மறுகா முகாம், நாலு வருசம்.
நாங்க இல்லாத நேரத்தில மரம் வளந்திற்று.
அது மரத்திட பிழையா?"

'மரம் வளர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்'
என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.
பிழை என்ற சொல்
இன்னும் என் பல்லிடுக்கில் கிடக்கிறது.

என் வீட்டு அலுமாரியிலும் ஓர் உறுதி உண்டு.
பாலையூற்றில் இருபது பேர்ச்.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே மரியதாசன் வளவு.
தெற்கே 'தேன்பாலை மரம்' என்றிருந்ததை
புதுப் பிரதி எழுதிய நொத்தாரிசு
'மதில்' என்று மாற்றியிருக்கிறார்.
மதில் என் தகப்பன் கட்டியது.
அந்தப் பாலையில் ஏறித் தேன் எடுத்தது யார்,
எந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள்
என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.
மரமும் நான் பார்த்ததில்லை.
மழைக்காலத்தில் மட்டும்
மதிலோரம் நிலம் கொஞ்சம் அமிழும்.

பேனாவை அவள் பக்கம் திருப்பினேன்.
சட்டப்படி செய்யக்கூடாதது.
ஏழாம் கட்டம் அவளுக்குப் போதவில்லை;
கோட்டைத் தாண்டி, எட்டாம் கட்டத்தின் மேலாக,
தாளின் விளிம்புவரை போனது எழுத்து:
இருக்கிறம்.

அதிகாரி அதன்மேல் முத்திரை குத்தினார்.
'பரிசீலனையில்.'
'இரு' மட்டும் வெளியே தெரிந்தது.

"ரெண்டு மணி பஸ் போயிற்றா?"
"போயிற்று."
"சரி," என்று பெட்டியைத் தூக்கினாள்.

பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர்
சதுரமாகக் கிடந்தது.
பியோனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார் அதிகாரி.
பியோன் சாப்பிடப் போயிருந்தான்.
நாற்பத்திரண்டாம் இலக்கக்காரர்
அதைச் சுற்றி வந்து நின்றார்.