குறிப்புரை

மக்குர்டியில் மழை. மின்சாரம் போய் மூன்றாம் நாள்.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்
இரைச்சலை மட்டும் எனக்குத் தருகிறது.

மெழுகுவத்தி அடியில் மதிப்பெண் அட்டைகள்.
சேசூ: எண்பத்தாறு.
மாலையில் அவனுக்குத் தனி வகுப்பு உண்டு.
எடுப்பது நான்தான், மணிக்கு ஆயிரம் நைரா.

மிமிடூ: முப்பத்தொன்று.
பதின்மூன்று வாரத்தில் ஐந்துதான் வந்தாள்.
மீதி எட்டு எங்கே போயிற்று என்று
என்னிடம் கேட்க வேண்டியதில்லை;
கட்டணம் கட்டாதவர் பட்டியலைக்
காலைக் கூட்டத்தில் வாசித்தவள் நான்.
அகர வரிசையில், தெளிவாக,
பின்வரிசைக்கும் கேட்கும்படி.

போன சனிக்கிழமை சந்தையில் பார்த்தேன்.
எண்ணூறு ஆரஞ்சு.
அழுகலைத் தள்ளி, கூலியைக் கழித்து,
லாரிக்காரன் வாய் திறக்குமுன்
லாபத்தைச் சொல்லிவிட்டாள்.
கிட்டத்தட்ட அதே கணக்கு
வினாத்தாளில் ஏழாவது.
அதுவரை அவள் வந்து சேரவில்லை.
தேர்வுக்கு நாற்பது நிமிடம் தாமதம்,
செருப்பில் சந்தைச் சேறு.

குறிப்புரைக்கு ஒரே ஒரு கோடு.
நாற்பது அட்டையில் எழுதிப் பழகிய கை
யோசிக்குமுன் எழுதிவிட்டது:
‘அக்கறை இல்லை.’

அடித்தால் அட்டை பாழ்.
புது அட்டைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள்;
அந்தச் சம்பளமே மூன்று மாதப் பாக்கி.

கோட்டின் இடது ஓரத்தில்
எறும்பு நுழையும் இடம் இருந்தது.
‘எங்களுக்கு’ என்று நுணுக்கிச் சேர்த்தேன்.
முதல்வர் எப்போதும்
கண்ணாடி போடாமல்தான் கையெழுத்திடுவார்.