மெல்ல இறங்கும் பெடல்

முதலில் தெரிந்தது சிவப்பு விளக்கில்.
மாங்கனீசு தோண்டும் இந்த ஊரில்
யாரும் மதிக்காத ஒரே விளக்கு,
நான் மட்டும் நிற்பேன்.
வைத்த கால் வைத்தபடி இருக்க
நீவாவின் பெடல் இறங்கிக்கொண்டிருந்தது,
பேருந்தில் பக்கத்து ஆளின் தோளுக்குச்
சரியும் தலை மாதிரி.

ஓங்கி மிதித்தால் நிற்கிறது.
இதமாக அழுத்தினால் நழுவுகிறது.

டப்பாவில் எண்ணெய் குறையவில்லை.
நான்கு சக்கரத்தின் உட்புறமும் தடவினேன்,
விரலில் சுரங்கக் கருப்பு, ஈரமில்லை.
அப்படியானால் கசிவு உள்ளே:
மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு ரப்பர் வளையம்
இந்தப் பக்கத்து எண்ணெயை அந்தப் பக்கம் விட்டுவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன்.
சொல்ல வெட்கம்தான்.
இரண்டு மிதி சும்மா, மூன்றாவதை நம்பி,
சரிவில் இரண்டாம் கியர்,
பின்னால் ரொட்டித் தட்டுகள் தடதடக்க.

பள்ளிக்கூட வளைவில் ஒரு பசு.
மூன்றாவது மிதியும் தரைவரை போனது.
கைபிரேக் பிடித்தது.
ஹெட்லைட் கண்ணாடியில்
பசுவின் மூச்சு படிந்து, மறைந்தது.

மறுநாள் குத்தாயிசியிலிருந்து
மினிபஸ் ஓட்டுநரின் மடியில்,
செய்தித்தாள் சுற்றி,
புது சிலிண்டர் வந்தது.
நானே மாற்றினேன். ஒரு சொட்டு சிந்தி
மட்கார்டின் பச்சையைத் தின்றுவிட்டது.

மாற்றுவதற்கு ஒருத்தி போதும்.
காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்,
உள்ளே மிதிக்க ஒருவர், கீழே திறக்க ஒருவர்.

எங்கள் வீதியில் சக்கரத்தடியில் படுக்கத் தெரிந்தவன்
ஜூம்பெர் மட்டும்.
பேச்சு நின்று நான்கு வருடம்.
வேலி தாண்டிய என் திராட்சைக்கொடியை
காய் பிடிக்கும் மாதத்தில் வெட்டினான்.
அன்று நான் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

கதவைத் தட்டி, "பிரேக்" என்றேன்.
செருப்பு மாட்டிக்கொண்டு வந்தான்.
பாட்டில், ரப்பர் குழாய்,
வலது பின்சக்கரத்தில் தொடங்கினான்.

"மிதி."
மிதித்தேன்.
"பிடி."
பிடித்தேன்.
"நான் சொல்லாமல் விடாதே."
முகம் தெரியவில்லை,
காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும்.
"ம். விடு."

மிதி, பிடி, விடு.
நான்கு வருடத்துக்கு மூன்று சொல்,
நாற்பது தடவை.
குழாயில் முதலில் நுரை,
பிறகு குமிழி குமிழியாக, பிறகு எப்போதாவது ஒன்று,
பிறகு வெறும் எண்ணெய்.
என் பாதத்தின் கீழே
பெடலுக்கு எலும்பு முளைத்தது.

கையைத் துடைத்தபடி சொன்னான்,
"இடது பிரேக் விளக்கு எரியவில்லை."
போய்விட்டான்.
கொடியைப் பற்றி அவனும் பேசவில்லை,
நானும்.

இரவே பல்பு மாற்றினேன்.

விடியலில் ரொட்டியோடு இறங்குகையில்
வளைவுமில்லை, பசுவுமில்லை,
அவன் வாசலருகே
இதமாக ஒருமுறை அழுத்தினேன்.
நின்றது.
பின்னால் இரண்டு விளக்கும் எரிந்திருக்கும்.
ஜன்னலில் ஆள் இருந்தானா என்று
திரும்பிப் பார்க்கவில்லை.