எடை மேடை

மூன்று மணிக்கு வருகிறோம் என்றவர்கள்
ஐந்தரைக்கு வந்தார்கள்.
மறந்துவிட்ட பால் புட்டிக்காக நீலாய்க்குத் திரும்பிப் போனார்களாம்.
சிரம்பானில் வாந்தி. டோலில் ஒரே ஜாம்.
பாகாவ் தாண்டியதும் பாதை தெரியாமல்
செம்பனைக்குள் அரை மணி நேரம்.
அல்சாவின் கதவு திறந்ததும்
முதலில் இறங்கியது ஒற்றைச் செருப்பு;
பிறகு, அதைத் தேடிக்கொண்டு, ஐந்து வயது திவ்யஷ்ரீ.

நாத்தனார் லோகா இறங்கவில்லை.
மடியில் பதினொரு மாதம்
அப்போதுதான் கண் மூடியிருந்தது.
"ஏசிய அடைக்காதீங்க" என்று கண்ணாடிக்குள் வாயசைத்தாள்.
நான் பொரித்து ஆறிப்போன பீசாங் கோரேங்
தட்டோடு காருக்கே போனது.

ஆலைக் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை,
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும் காற்றாடி,
எந்நேரமும் செம்பனை வேகும் வாடை.
"யாரு விட்டது?" என்று மூக்கைப் பிடித்தான் யஷ்வின்.
என் கணவர் சத்தியம் செய்தும்
இரவு முழுக்க அவர்மேல்தான் சந்தேகம்.

கூடத்தில் தோத்தோ விரித்தேன்.
விளக்கணைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கேள்வி வரும்.
"அத்தை, உங்க பாப்பா எங்க?"
இருட்டில் லோகா "ஏய்" என்றாள்.
ஓடாத தொலைக்காட்சிக்கு ரிமோட் தேடினார் கணவர்.
பதினான்கு வருடத்தில்
டாக்டர்களுக்கும், கோயில் சாப்பாட்டில்
பக்கத்து நாற்காலிக்காரிகளுக்கும்
எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன்.
"இன்னும் வரலம்மா," என்றேன். "டோல்ல ஜாம்."
"ஓ."
அவளுக்கு அது புரிந்தது.
இன்று அங்கே நின்று வந்தவள்தானே.
என் நைட்டியின் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிப்போனாள்.
கை மரத்தது. அசையவில்லை நான்.

ஞாயிறு, அருவிக்குப் போவதாகத் திட்டம்.
விடியும் முன்பே மழை.
நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு
வாசலில் நின்று வானத்தைத் திட்டினான் யஷ்வின்;
அதே உடையில் பசியாற வந்தான் மாமாக் கடைக்கு.
ஏழு பேர், பதினொரு ரொட்டி சானாய்,
கவிழ்ந்த மைலோ இரண்டு.
நான்தான் கட்டுவேன், நான்தான் கட்டுவேன் என்று
மச்சான்கள் இருவரும் மல்லுக்கட்டிய வேகத்தில்
கடைக்காரர் இரண்டு பேரிடமும் வாங்கிவிட்டாரோ என்று
எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு.

பழப் பருவம். ஆலைக்கு ஞாயிறு கிடையாது;
இரண்டு மணிக்கு எடை மேடையில் என் ஷிப்ட்.
நாலு மணிக்கு, ஊர் திரும்பும் வழியில்,
இரண்டு லாரிகளுக்கு நடுவே
விளையாட்டுச் சாமான் மாதிரி வந்து நின்றது அல்சா.
"அத்தை, எங்களையும் எடை போடுங்க!"
கூடாது. போட்டேன்.
ஆயிரத்து இருநூற்று எழுபது கிலோ.
அதில் ரம்புத்தான் இருக்கிறது, மரவள்ளி இருக்கிறது,
வேண்டாம் அண்ணி வேண்டாம் அண்ணி என்று
லோகா வாங்கிக்கொண்ட ஊறுகாய் இருக்கிறது.
யஷ்வின் இறங்கினான்; முப்பது குறைந்தது.
பலகையின் சிவப்பு எண்ணைப் பார்த்து
தனக்குத்தானே கை தட்டினான்.
பாப்பாவை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள் லோகா.
எண் அப்படியே நின்றது.
"பத்து கிலோவுக்குக் கீழன்னா
இதுக்குச் சரியா தெரியாது" என்றேன்,
எச்சில் கன்னம் என் தோளில் ஒட்டியிருக்க.

பின்னால் லாரி ஹார்ன் அடித்தது.
கொடுத்துவிட்டேன்.
கார் மேடையை விட்டு இறங்கும்போது
பின் ஜன்னலில் ஒரு தலை முளைத்தது.
"அத்தை! டோல்ல உங்க பாப்பாவப் பாத்தா
சீக்கிரம் போவச் சொல்றேன்!"

மேடை பூஜ்யத்துக்கு வந்தது.
லாரி ஏறியது.
பதினெட்டு டன் நானூறு, பழக்குலை.
வண்டி எண் என்ன என்று
டிரைவரை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.