முப்பத்தேழு டிகிரி

கோடம்பாக்கம் பாலம் இறங்குமிடத்தில்
இரண்டாம் மாடி, எங்கள் லேப்.
ஏ.சி. பழுதாகி மூன்று நாள்.
இயந்திரத்தின் வயிற்றில் எப்போதும் முப்பத்தேழு டிகிரி,
இன்றிரவு என் நாற்காலியிலும் அதேதான்.

பால்துரை, ஐம்பத்திரண்டு, சூளைமேடு.
குழாயில் ஒட்டிய சீட்டில் இவ்வளவுதான் இவர்.
சுழற்றியதும் சிவப்பு அடியில் தங்க
மேலே தெளிந்து நிற்கிறது சீரம்,
வழக்கத்தைவிட மஞ்சளாய்.

நான் தேடுவது ஒரு நொதி.
கல்லீரலுக்குள் அதற்கு ஒரே வேலை:
ஒரு மூலக்கூறின் தோளிலிருந்து சிறு சுமையை இறக்கி
இன்னொன்றின் தோளில் ஏற்றிவிடும்.
கை காலியாகும். அடுத்தது.
கை காலியாகும். அடுத்தது.
நொடிக்கு நூற்றுக்கணக்கில்.
தனக்கென்று எதையும் முடிந்துகொள்வதில்லை,
அவ்வளவு தூக்கியும் தேய்வதில்லை.

அது இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும்தான்.
மழையில் துரைசாமி சுரங்கப்பாதையை மூடிய அன்று
மேற்கு மாம்பலத்திலிருந்து
நான் பாலமேறிச் சுற்றிப் போனேனே, அப்படி.
போய்ச் சேர்ந்தது அதே பாண்டி பஜார்.
கடைகள்தான் சாத்தியிருந்தன.

எப்போதும் கொஞ்சம் கசியும்.
நாற்பதுக்குள் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
செல்லின் சுவர் இடிந்து
கூட்டமாய் ரத்தத்தின் தெருவுக்கு வந்த பிறகுதான்
சிவப்பு மையில் ஒரு கோடு, ஒரு போன்.

தான் வீட்டில் இல்லை என்பது அதற்குத் தெரியாது.
சுமையையும் தோளையும் நான் ஊற்றிக் கொடுக்க
அங்கே செய்ததையே
குப்பிக்குள்ளும் செய்கிறது.
கண்ணுக்குத் தெரியாத ஒளியொன்று
நிமிடத்துக்கு நிமிடம் கூடுதலாய்க் கடந்து வருகிறது.
அந்த வேகத்தைத்தான் எண்ணாக எழுதுகிறேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி ஓட்டினேன்.
அறுநூற்று எட்டு.

ஆறு மணிக்குப் பச்சையம்மா வந்தாள்.
கூவக்கரை வீட்டை இடித்து
பெரும்பாக்கத்தில் எட்டாம் மாடி கொடுத்திருக்கிறார்கள்;
முதல் பஸ், பிறகு இன்னொரு பஸ்.
அதே மாப், அதே வாளி,
அதே மூலையிலிருந்து தொடக்கம்.
"இன்னாம்மா இப்படி வேவுது" என்று
ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

டாக்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.
ரிப்போர்ட் அச்சாகி வந்த பின்னும்
குப்பிக்குள் அது நிறுத்தியிருக்காது,
சுமை தீரும்வரை.

"காலைத் தூக்கும்மா" என்றாள்.
தூக்கிக்கொண்டேன்.