பதினோராம் கட்டம்

கோதுமைக் கிடங்கின் சுவரில்
நாலாள் உயரத்துக்கு நிற்கிறார் லோவெல் பிராண்ட்வோல்ட்.
பாலைவனச் சீருடை. கையில் துப்பாக்கி.
காலடியில் சிவப்பு எழுத்து:
உங்களுக்காகச் சுட்டேன், உங்களுக்காகப் பேசுவேன்.
வடக்கு டகோட்டாவின் அக்டோபர்க் காற்று
முழங்காலில் பசையைப் பிரித்துவிட்டது.
சுவரைவிட்டு இறங்கப் பார்ப்பவர்போல
படபடக்கிறது ஒரு கால்.

பள்ளி வாரியக் கூட்டம், ஆலங்கட்டிச் சேதம்,
இறந்தவர் பக்கம், எல்லாம் என் பாடு.
புதனும் சனியும் வரும் எங்கள் பத்திரிகையில்
செய்தியாளர் என்றால் நான் ஒருத்திதான்.

மே மாதம், தேவாலயத்தின் பான்கேக் விருந்தில்
அவர் கதையில் எதிரிகள் மூன்று பேர் செத்தார்கள்.
ஜூலைச் சந்தையில் ஏழு.
செப்டம்பரில் ஒரு டாங்கியும் சேர்ந்து எரிந்தது.
போர் முடிந்து முப்பது வருடம் கழித்தும்
ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.
என்னை உறுத்தியது அந்தக் கணக்குதான்,
வேறொன்றுமில்லை.

"என் தாள்களா? செயின்ட் லூயிஸ் தீயில் போயிற்று."
"அந்தத் தீ பிடித்தபோது
உங்களுக்கு ஆறு வயது, மிஸ்டர் பிராண்ட்வோல்ட்."
போனை வைத்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து வந்தது ஒரே ஒரு தாள்.
பதக்கக் கட்டத்தில் எல்லோருக்கும் கொடுப்பது இரண்டு.
பதினோராம் கட்டம், தொழில்:
ஐம்பத்தேழு எஃப்.
குறியீட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடினேன்.
கல்லறைப் பதிவு.

ஜார்ஜியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற
ஒடெஸா த்ரெல்கெல்ட் அதே கூடாரத்தில் இருந்தவள்.
"பைகளைத் துழாவுவது அவன் வேலை.
பாதிச் சூயிங்கம், சாவி, பிரிக்காத கடிதம்,
ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவான்.
மனைவி கண்ணில் படக்கூடாத படம் இருந்தால்
தனியே எடுத்துவைப்பான்.
கைக்கடிகாரங்கள்தான், பெண்ணே.
சிலது ஊர் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.
பைக்குள்ளிருந்து அலாரம் அடிக்கும்.
நாங்கள் ஓடிப்போய் அமுக்குவோம்.
அவன் அமுக்கமாட்டான்.
தானாக ஓயட்டும் என்பான்."

மார்பில் பட்டால் விழுப்புண்,
முதுகில் பட்டால் புறப்புண்.
விரல் நுனியில் பட்டதற்கு
எந்தக் கட்டமும் இல்லை அந்தத் தாளில்.

டிராக்டர் விற்கும் கடையின் பின்னறையில் பார்த்தேன்.
தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.
"இதைச் சொல்லியிருக்கலாமே?"
"தட்டில் பான்கேக்கை வைத்துக்கொண்டு
இதை யார் கேட்பார்கள்?"
பிறகு, வெகுநேரம் கழித்து:
"பொய்யன் என்று போடு. கொட்டை எழுத்தில் போடு.
கூடாரத்தைப் போடாதே.
அந்தப் பையன்களின் அம்மாக்கள் இருப்பார்கள் இன்னும்."

ஆசிரியர் டார்லீன் குச்டா கேட்டது அறுநூறு சொல்.
மூன்று, ஏழு, டாங்கி, தீ,
பதினோராம் கட்டத்தின் இரண்டு சொல்,
எல்லாம் போனது.
கடிகாரங்கள் போகவில்லை.
அது இரக்கமா, பாதிப் பொய்யா,
டார்லீனிடம் கேட்கவில்லை நான்.

சனிக்கிழமை யாரோ கிடங்குச் சுவரில்
அவர் முகத்தின் மேல் கறுப்பு அடித்திருந்தார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.
வென்றவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை;
இருந்ததாகச் சொன்னதுமில்லை.

டிசம்பரில் பழைய குறிப்பேடுகளைக் கட்டிவைத்தேன்.
ஜூன் பதினாலு, வேட்பாளர் விவாதம்,
என் கோணல் கையெழுத்து:
பின்வரிசையில் யாருடைய கடிகாரமோ அடித்தது.
பிராண்ட்வோல்ட் பாதி வாக்கியத்தில் நின்றார்.
அது ஓயும்வரை பேசவில்லை.
பாடம் மறந்துவிட்டதோ?